ஃப்ளூ, கோவிட் முத்தி ஆஸ்பத்திரியில இருக்கவங்களுக்கு ஏன் தண்ணி கூட முழுங்க முடியல?

இதுக்குப் பேரு விழுங்கல் கோளாறு. வாயில போட்டது வயித்துக்குப் போகாம தொண்டையிலயே தங்கும், இல்ல மூச்சுக்குழாய் பக்கம் போயிடும். தொண்டையில காத்துக்கும் சாப்பாட்டுக்கும் ஒரே வழிதான், முழுங்குற அந்த நொடி மூச்சு தானா நிக்கும், ரோட்ல நடக்குறவங்களுக்கான பச்சை மனுஷன் சிக்னல் வந்ததும் கார் எல்லாம் நின்னு வழி விடுற மாதிரி. நோய் முத்தி நிமிஷத்துக்கு 30 தடவை மூச்சு வாங்குறவருக்கு அந்தக் கார் நிக்க நேரமே இல்ல. ஐசியூல மூச்சு விட வாய் வழியா டியூப் போட்டிருந்தா அது குரல்நாணுக்கு நடுவுல போறதால வீக்கம், மரத்துப்போறது, தசை தளர்ச்சின்னு எல்லாம் சேந்துக்கும், டியூப் எடுத்த பிறகும் கொஞ்ச நாள் இருக்கலாம்.

எங்க அத்தைக்கு ஸ்பீச் தெரபிஸ்ட் வந்து பாத்தாங்க (பேச்சுக்கு மட்டும் இல்ல, முழுங்குறதுக்கும் அவங்கதான்). மைலோவுல திக்னர் பவுடர் (குடிக்கிறதைக் கெட்டியாக்குற பவுடர்) கலக்கி, ஸ்பூன்லேருந்து மெதுவா சொட்டுற பதத்துல, நேரா உக்கார வெச்சு குடுக்கச் சொன்னாங்க. வெறும் தண்ணி வேகமா ஓடி தப்பான பக்கம் போயிடுமாம்.

இருமல் வரலன்னா சரியா முழுங்குறாங்கன்னு பலரும் நினைக்கிறாங்க, அது தப்பு, தொண்டை மரத்துப்போனவங்களுக்கு சத்தமே இல்லாம நுரையீரலுக்குள்ள போகும், அதனால சாப்பிட்டதும் குரல் கொரகொரன்னு மாறினா உடனே நர்ஸ்கிட்ட சொல்லுங்க.