படித்து முடிப்பதற்குள் சட்டம் மாறிவிடுமே என்று கேட்ட அப்பாவுக்கு

வணக்கம் சார்,

உங்கள் வாட்ஸ்அப் செய்தியை இரண்டு முறை படித்தேன். திருப்பூரில் இருபது பவர் டேபிள் (மின் தையல் மெஷின்) போட்டு, மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் செய்கிறீர்கள். மகள் பிளஸ் டூ காமர்ஸ் முடித்துவிட்டு, கணக்கும் சட்டமும் சேர்ந்த படிப்புதான் வேண்டும் என்கிறாள். உங்களுக்கோ இரண்டு பயம். ஜிஎஸ்டி, வருமான வரி, தொழிலாளர் சட்டம் எல்லாம் வரிசையாக மாறுகின்றன, இன்று படிப்பது நாளைக்கு உதவுமா? “இனி எல்லாம் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும்” என்று உங்கள் ஆடிட்டர் வேறு சொல்லிவிட்டார்.

ஆடிட்டர் சொன்னதில் பாதி சரி. பில்லைப் பார்த்து என்ட்ரி போடுகிற வேலை தேய்ந்துகொண்டே வருகிறது. 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்கள் மற்ற தொழில்களுக்குப் போடும் பில்லுக்கு 2023 ஆகஸ்டிலிருந்து இ-இன்வாய்ஸ், அதாவது அரசிடம் ஆன்லைனில் பதிவாகும் பில், கட்டாயம். அந்த பில் தானாகவே ஜிஎஸ்டி போர்ட்டலில் போய் உட்கார்ந்துவிடுகிறது. டாலி என்ற கணக்கு சாஃப்ட்வேர் மட்டும் கற்றுக்கொண்டால் வாழ்நாள் வேலை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆனால் சட்டம் மாறுவதைப் பற்றிய உங்கள் பயம் எனக்குப் புரிந்தாலும் அதை நான் ஏற்கவில்லை. 1961-ஆம் வருட வருமான வரிச் சட்டம் போய், 2026 ஏப்ரல் 1 முதல் புதிய சட்டம். சேமிப்புக்கு வரிக்கழிவு தரும், எல்லாருக்கும் மனப்பாடமான 80சி பிரிவு இப்போது 123. விதவிதமான டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வரி) பிரிவுகளில் சம்பளம் தவிர்த்த பெரும்பகுதி 393 என்ற ஒரே பிரிவுக்குள் போய்விட்டது. எண்ணை உருப்போட்டு வேலை பார்த்தவருக்குத்தான் இது இடி. டிடிஎஸ் ஏன் பிடிக்கிறோம், எப்போது பிடிக்கிறோம் என்று புரிந்து படித்தவருக்கு ஒரு வாரப் பழக்கம், அவ்வளவுதான்.

உங்கள் செய்தியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: “நோட்டீஸ் எது வந்தாலும் அவள்தான் படித்து எனக்குச் சொல்லுவாள்.” சார், அந்தப் பெண்ணின் மார்க்கைவிட எனக்கு இந்த வரிதான் முக்கியம். கூட்டல் கழித்தலில் நிற்காமல் வாசகத்தைப் பிடித்து அர்த்தம் சொல்கிற பிள்ளைகள் குறைவு. ஆகவே ஆடிட்டர் ஆவதற்கான சிஏதான் என்று பிடிவாதம் வேண்டாம். பி.காம். படித்துக்கொண்டே, கம்பெனியின் சட்ட வேலைகளைப் பார்க்கும் கம்பெனி செக்ரட்டரி படிப்புக்கு நுழைவுத் தேர்வு எழுதட்டும். பங்குச் சந்தையில் உள்ள கம்பெனிகளும், செலுத்தப்பட்ட மூலதனம் (பங்குதாரர்கள் போட்ட பணம்) 10 கோடியைத் தொட்ட கம்பெனிகளும் முழுநேரக் கம்பெனி செக்ரட்டரி ஒருவரை வைத்தே ஆக வேண்டும் என்பது சட்டம். சட்டமே வேண்டும் என்றால், சென்னையில் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தில் ஐந்து வருட பி.காம்.எல்எல்.பி. ஹானர்ஸ் இருக்கிறது. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே சேர்க்கை. சிஏ ஆசை மறுபடி வந்தாலும் கதவு மூடவில்லை. பி.காம்.-ல் 55 சதவீதம் எடுத்தால் முதல் கட்டமான ஃபவுண்டேஷன் எழுதாமலே நேராக அடுத்த கட்டமான இன்டருக்குப் போகலாம்.

இப்போது ஆள் பற்றாக்குறை எங்கே என்று கேட்டால், நான் சம்பளக் கணக்கு, தொழிலாளர் சட்டம் பக்கம்தான் கை காட்டுவேன். 29 பழைய சட்டங்களை நான்காகச் சுருக்கிய தொகுப்புகள் 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்தன. உங்கள் ஆபீஸில் ஒருவருக்கு மாதம் 20,000 கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் பேசிக் 7,000, மீதி 13,000 பலவித அலவன்ஸ். புதிய விதிப்படி, சம்பளக் கணக்கில் சேராது என்று சட்டம் விலக்கித் தரும் அலவன்ஸ்கள் மொத்தத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. தாண்டிய 3,000-மும் சம்பளமாகச் சேர்ந்து 10,000 ஆகிவிடும். பிஎஃப், கிராஜுவிட்டி (வேலையை விடும்போது தரும் பணிக்கொடை) எல்லாம் அதன் மேல்தான். குறிப்பிட்ட காலத்துக்கு என்று எடுத்த ஆளுக்கு ஒரு வருடத்திலேயே கிராஜுவிட்டி வந்துவிடும். வேலையை விட்டவருக்கு இரண்டு வேலை நாளில் சம்பள பாக்கியைத் தீர்க்க வேண்டும். டெய்லர்களுக்கு நீங்கள் பீஸ் ரேட் கொடுக்கிறீர்கள், அங்கே அலவன்ஸ் பேச்சே இல்லை. ஆனால் அவர்களுக்கும் நியமனக் கடிதம் கொடுத்தாக வேண்டும். இருபது ஆளுக்கே இவ்வளவு யோசனை என்றால் இரண்டாயிரம் பேர் வேலை செய்யும் பனியன் கம்பெனியில் எத்தனை பேர் தேவைப்படுவார்கள் என்று பாருங்கள். இந்த எங்கே-பொருந்தும், எங்கே-பொருந்தாது என்ற விஷயத்தை சாஃப்ட்வேருக்குச் சொல்லிக் கொடுக்கவும் ஓர் ஆள் வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகள் 2025 நவம்பரில் வந்ததிலிருந்து, “மூன்று மாதத்தில் டேட்டா பாதுகாப்பு அதிகாரி ஆகலாம்” என்று ஆசை காட்டி கோர்ஸ் விற்பவர்களை நம்ப வேண்டாம். அபராதம் 250 கோடி வரை போகலாம் என்பது உண்மைதான். ஆனால் அந்த அதிகாரி பதவி, அரசு முக்கியமானவை என்று அறிவிக்கும் நிறுவனங்களுக்குத்தான் கட்டாயம். அவர்கள் இருபது வயதுப் பெண்ணை அந்த நாற்காலியில் உட்கார வைக்க மாட்டார்கள். அந்தக் காசுக்கு அவளுக்கு நல்ல லேப்டாப் வாங்கிக் கொடுங்கள்.

காலேஜ் திறப்பதற்குள் அவளுக்கு ஒரு வேலை தாருங்கள். உங்கள் ஃபைல்களை அவளிடம் கொடுங்கள். உத்யம் பதிவு (குறு, சிறு தொழிலுக்கான அரசுப் பதிவு) இருக்கிறதா, உங்களுக்கு ஆர்டர் தரும் பார்ட்டிகளோடு எழுத்தில் ஒப்பந்தம் இருக்கிறதா என்று பார்க்கட்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளில், உங்களைப் போன்ற குறு, சிறு யூனிட்டுக்குப் பணம் வர வேண்டும். கெடுவைத் தாண்டி மார்ச் முடிவிலும் பாக்கி நின்றால், பார்ட்டி அதை அந்த வருடச் செலவாகக் கழிக்க முடியாது, பணம் கொடுக்கிற வருடத்தில்தான் முடியும். 2024 ஏப்ரலிலிருந்து இதுதான் நிலை, புதிய வருமான வரிச் சட்டத்திலும் விஷயம் மாறவில்லை. 90 நாள் இழுக்கிறார்கள் என்று நீங்கள் புலம்பியிருந்தீர்களே, எந்த பில் எத்தனை நாள் ஆயிற்று என்று அவளே ஒரு பட்டியல் போடட்டும். பார்ட்டியிடம் அதைக் காட்டுவதா வேண்டாமா என்பது உங்கள் வியாபாரம், அதில் நான் தலையிட மாட்டேன். உத்யம் பதிவு இருந்தால் ஆர்டரையே வேறு யூனிட்டுக்கு மாற்றிவிடுவார்களோ என்று பயந்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

சனிக்கிழமை மதியம் இரண்டு பேரும் வாருங்கள். பட்டியலோடு, கடைசியாக வந்த நோட்டீஸையும் எடுத்து வரச் சொல்லுங்கள். அதை அவள் எனக்கு விளக்கட்டும். அவள் பேசி முடிக்கும்வரை நீங்கள் குறுக்கே பேசாமல் இருந்தால் போதும்.