ஆய்வாளர் கூட்டமைப்பு ஒன்றின் இணையதளத்தை மாற்றி அமைக்கும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. பயனர்களிடம் எப்படிக் கேட்பது, எங்கே தொடங்குவது?

பல பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் சேர்ந்திருக்கும் ஒரு கூட்டமைப்புக்கு இதே வேலையைச் செய்திருக்கிறேன். முதல் கூட்டத்திலேயே ஒவ்வொரு குழுவும் முகப்புப் பக்கத்தில் தனக்கு ஓர் இடம் கேட்டது. பழைய மெனுவில் செயற்குழு, பணிக்குழு 1, பணிக்குழு 2 என்று நிர்வாக அமைப்புதான் அப்படியே இருந்தது. பணிக்குழு 3 எதைப் பற்றியது என்று வெளியிலிருந்து வருகிறவருக்கு எப்படித் தெரியும்?

அதனால் முகப்பு எப்படி இருக்க வேண்டும் என்ற பேச்சைத் தள்ளிவைத்துவிட்டு, ஆட்களிடம் போங்கள். "தளத்தில் என்ன வேண்டும்?" என்று கேட்காதீர்கள். "எளிமையாக இருக்கணும்" என்பார்கள், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. "கடைசியாக எதைத் தேடி இங்கே வந்தீர்கள்? அன்று என்ன நடந்தது?" என்று கேளுங்கள்.

அப்படிக் கேட்டபோது ஒரு முனைவர் பட்ட மாணவி, மாநாட்டுப் பயண நிதிக்கு விண்ணப்பிக்கக் கடைசித் தேதி தேடியதைச் சொன்னார். கிடைத்தது முந்தைய ஆண்டின் பிடிஎஃப். அதை நம்பி வாய்ப்பைத் தவறவிட்டிருக்கிறார். எனக்கு அது இன்னும் மனதை உறுத்துகிறது. ஒரு பேராசிரியருக்கு, தன் மாணவரின் ஆய்வேட்டுக்குப் புறத்தேர்வாளர் ஒருவர் தேவைப்பட்டிருக்கிறார். உறுப்பினர் பட்டியல் அகரவரிசையில் இருந்ததால், பெயர் தெரிந்தால்தான் ஆளைக் கண்டுபிடிக்க முடியும். அவருக்குத் தெரிந்ததோ துறை மட்டும்.

பேட்டிக்கு முன்பே செயலரின் மின்னஞ்சல் பெட்டியைப் பாருங்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்தான் தளம் பதில் சொல்லத் தவறியவை. தேடுபெட்டியில் என்னென்ன தட்டச்சு செய்திருக்கிறார்கள் என்ற பதிவும் அதையேதான் காட்டும்.

அப்புறம் மெனு. ஒவ்வொரு பக்கத்தின் பெயரையும் ஓர் அட்டையில் எழுதி, சேர்ந்தவற்றை ஒன்றாக அடுக்கப் பயனர்களிடம் சொல்லுங்கள். அதை வைத்து வரைந்த புது மெனுவைப் படம், நிறம் எதுவும் இல்லாமல் காட்டி, "பயண நிதி பற்றி அறிய எதை அழுத்துவீர்கள்?" என்று சோதியுங்கள். "வளங்கள்" என்று ஒரு தலைப்பு வைத்திருந்தோம், எல்லாவற்றையும் அதில்தான் தேடினார்கள். அந்தத் தலைப்பையே எடுத்துவிட்டோம்.

எத்தனை பேர் போதும்? ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே சுமார் 85 சதவீதச் சிக்கல்கள் தெரிந்துவிடும் என்று இணையதளப் பயன்பாட்டு எளிமை நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதினார். ஒரு பயனர் சராசரியாக 31 சதவீதச் சிக்கல்களை வெளிக்கொண்டுவருவார் என்பதை வைத்துப் போட்ட கணக்கு அது. பயனர்கள் ஒரே மாதிரியானவர்களாக இருந்தால்தான் பொருந்தும். மாணவர், பேராசிரியர், நிபுணரைத் தேடும் பத்திரிகையாளர் மூவரும் வேறு வேறு. ஒவ்வொரு வகையிலும் சிலரைக் கூப்பிடுங்கள். ஒரே தடவையில் முடிக்காமல், திருத்திவிட்டு மறுபடி சோதியுங்கள்.

குழுக்களைச் சம்மதிக்க வைப்பதுதான் கடினம். மாணவர் ஒருவர் கடைசித் தேதியைத் தேடி அலைந்த இரண்டு நிமிடப் பதிவை, அவர் அனுமதியோடு கூட்டத்தில் போட்டுக் காட்டினேன். அதுவரை முகப்பில் இடம் கேட்டவர்களே அந்தத் தேதியை மேலே வைக்கச் சொன்னார்கள்.

உறுப்பினர்கள் தங்கள் பக்கத்தைத் தாங்களே புதுப்பிப்பார்கள் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள். ஆர்கிட் எனும் 16 இலக்க ஆய்வாளர் அடையாள எண் 2012 முதல் இருக்கிறது. அதை இணைத்தால், அவர்கள் ஆர்கிட் தளத்தில் பொதுவில் வைத்திருக்கும் வெளியீடுகளைத் தானாகவே எடுத்துக்கொள்ளலாம். தளத்தை மாற்றும் அன்று பழைய முகவரிகள் ஒவ்வொன்றையும் புதிய பக்கத்துக்குத் திருப்பிவிடுங்கள். அச்சாகிவிட்ட ஆய்வுக் கட்டுரையின் அடிக்குறிப்பில் இருக்கும் முகவரியை இனி யாராலும் திருத்த முடியாது.