கிராண்ட் பியானோவுக்கு புது ஹாமர், ஷாங்க் போட்ட பிறகு ரெகுலேஷன் ஒத்து வரல, எங்க கோளாறு இருக்கும்?

நீங்க கேட்டது இதுதானே: டர்பன்ல ஒரு சர்ச் ஹால்ல இருந்த பழைய கிராண்டை வாங்கி ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேஷியாவுக்கு கொண்டு போயிருக்கீங்க, புது ஹாமரும் (கம்பியை அடிக்கிற சுத்தியல்) ஷாங்க்கும் (அதைத் தாங்குற காம்பு) வரவழைச்சு மாட்டியாச்சு, கீ டிப் (கீ இறங்குற ஆழம்) 10 மில்லிமீட்டர், புளோ (ஹாமருக்கும் கம்பிக்கும் உள்ள தூரம்) 45 மில்லி, லெட்-ஆஃப் (கம்பிக்கு எவ்வளவு கிட்ட போனதும் ஹாமர் விடுபடுதுங்கிறது) 2 மில்லின்னு எல்லா அளவும் வெச்சு ரெகுலேஷன் பண்ணியும் ஆஃப்டர்டச் (ஹாமர் விடுபட்ட பிறகும் கீ இறங்குற மிச்ச தூரம்) கிடைக்கல, ஒரே நோட்டை வேகமா அடிச்சா திரும்ப எழல, போதாததுக்கு டச்சும் கனமா இருக்கு.

நான் டர்பன்ல இந்த வேலைதான் பாக்குறேன். முதல்ல ஸ்க்ரூடிரைவரை கீழ வைங்க. டிப், புளோ ரெண்டும் சரியா இருந்து ஆஃப்டர்டச் மட்டும் வரலைன்னா கோளாறு திருகாணில இல்ல, மாட்டின பார்ட்ஸ்ல இருக்கு. விரலுக்கு கீழ 10 மில்லி இறங்குறது ஹாமர் பக்கம் எத்தனை மில்லியா மாறுதுங்கிறது லீவர் கணக்கு, அந்த கணக்கே மாறிப்போச்சுன்னா எத்தனை தடவை 88 கீயையும் சுத்தி வந்தாலும் ஒண்ண பிடிச்சா இன்னொண்ணு நழுவும்.

பழைய ஷாங்க்ல ஒண்ணாவது வெச்சிருக்கீங்களா? தூக்கிப் போட்டிருக்க மாட்டீங்கன்னு நம்புறேன். ஃபிளேஞ்ச்ல (ஷாங்க்கோட கீல்) இருக்கிற சென்டர் பின் (அச்சு ஊசி) நடுவுல இருந்து நக்கிள் (ஷாங்க் அடியில இருக்கிற தோல் உருளை) உள்ள இருக்கிற மரக்கட்டை நடு வரைக்கும் காலிப்பர்ல அளந்து பாருங்க. பழைய பியானோக்கள்ல 15.5, 16 மில்லி நிறைய உண்டு, இப்ப கடையில கேட்டா பெரும்பாலும் 17 மில்லிதான் எடுத்து கொடுப்பாங்க, பார்வைக்கு ரெண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. சென்டர் பின்ல இருந்து ஹாமர் சுமார் 130 மில்லி தள்ளி இருக்குன்னு வெச்சுக்கோங்க, 130ஐ 16ஆல வகுத்தா 8.1, 17ஆல வகுத்தா 7.6. ஆறு சதவீதம் போச்சு. அதே 10 மில்லி டிப்புக்கு ஹாமர் கிட்டத்தட்ட 3 மில்லி குறைவாத்தான் மேல போகும். அந்த 3 மில்லிலதான் உங்க ஆஃப்டர்டச் காணாம போச்சு. ஆஃப்டர்டச் இல்லைன்னா நக்கிளைத் தள்ளுற ஜாக் முழுசா விலகாது, டிராப் (விடுபட்ட ஹாமர் கொஞ்சம் கீழ இறங்குறது) நடக்காது, திரும்பி வர்ற ஹாமரைப் பிடிக்கிற பேக்செக் ஒழுங்கா பிடிக்காது, அப்புறம் ஹாமரைத் திரும்ப எழுப்புற ரிப்பிட்டிஷன் ஸ்பிரிங் என்னத்த தூக்கும்? ஒரே நோட்டு திரும்ப எழறதுக்காகவே 1821ல பியானோ தயாரிப்பாளர் எரார்ட் பேட்டன்ட் எடுத்த அமைப்பு இது, அதோட உயிரே அந்த கடைசி ஒரு மில்லிலதான் இருக்கு.

சரி அப்ப கனம் எங்கேர்ந்து வந்தது, நக்கிள் 17 ஆனா டச் லேசாத்தானே ஆகணும்னு கேப்பீங்க, நியாயமான கேள்வி. கனத்துக்கு வேற காரணம் இருக்கும், ஒண்ணு உராய்வு இல்ல ஹாமரோட எடை. இதை ஊகத்துல முடிவு பண்ணாம எடைக்கல் வெச்சு பாருங்க. டாம்பர் பெடலை மிதிச்சுக்கிட்டு, கீ மெல்ல இறங்குற எடை எவ்வளவு, அதே கீ மெல்ல மேல எழுற எடை எவ்வளவுன்னு குறிச்சுக்கோங்க. இறங்குறது 62 கிராம், எழுறது 22ன்னா வித்தியாசத்துல பாதி, அதாவது 20 கிராம் உராய்வு, ஜாஸ்தி, சென்டர் பின்னும் கீ புஷிங்கும் (கீ துளையில இருக்கிற துணி) பாக்கணும். அதே 62 இறங்கி 38ல எழுதுன்னா உராய்வு 12தான், அது நல்லாவே இருக்கு, அங்க பாரம் ஹாமர்லதான். ஹாமர்ல 1 கிராம் கூடினா கீயில 5 கிராமுக்கு மேல தெரியும். தேஞ்சு போன பழைய ஹாமரை எடுத்துட்டு ஃபெல்ட் தடிமனா இருக்கிற புதுசை போட்டா இப்படித்தான் ஆகும், ஷேப் பண்ணி மரத்தை கொஞ்சம் சீவணும். இதை விட்டுட்டு கீயில ஈயம் அடைக்கிறவங்க நிறைய பேர், எனக்கு அது சுத்தமா பிடிக்காது, எடைக்கல்லுக்கு லேசா காட்டும் ஆனா வேகமா வாசிக்கிறவங்க விரல் அசந்து போயிடும்.

உராய்வு ஜாஸ்தின்னா அதுக்கு ஊரும் காரணமா இருக்கலாம். தைப்பூசம் சமயத்துல டர்பன் புழுக்கம் உங்களுக்கே தெரியும், அந்த காத்துல ஃபிளேஞ்ச் புஷிங் துணி ஈரம் குடிச்சு உப்பி பின்னை இறுக்கும், வருஷக்கணக்கா அப்படி இருந்த விப்பன் (ஜாக்கைத் தாங்கி கீயோட அசைவை ஷாங்க்குக்கு கொண்டு போற பாகம்) எல்லாம் பின்ல பச்சை பிடிச்சு மந்தமா கிடக்கும். நீங்க மாத்தினது ஷாங்க்தான், விப்பன் பழசுதானே? அதை ஒவ்வொண்ணா அசைச்சு பாருங்க. லெனேஷியா பக்கம் நேர் எதிர், குளிர்காலத்துல காத்து காய்ஞ்சு மரம் சுருங்கும், ஃபிளேஞ்ச் ஸ்க்ரூ தானா தளரும், கீ-ஃபிரேம் (கீ எல்லாம் உக்காந்திருக்கிற சட்டம்) கீபெட்ல (அதுக்கு அடியில இருக்கிற பலகை) முன்ன உக்காந்த மாதிரி உக்காராது. பேலன்ஸ் ரெயில்ல (கீ-ஃபிரேமோட நடுக்கட்டை) இருந்து கீபெட்டைத் தொடுற கிளைட் போல்ட் எல்லாத்தையும் முதல்ல மேல தூக்கிட்டு, ஓரத்துக் கட்டைகளை மாட்டிக்கிட்டு முன் ரெயில்ல தட்டிப் பாருங்க, டொக்குனு இரட்டை சத்தம் கேட்டா அங்க இடைவெளி. அது சரியானதும் போல்ட்டை ஒவ்வொண்ணா தொட்டும் தொடாம இறக்குங்க. ஆக்‌ஷனை மேசை மேல வெச்சு எவ்வளவு அழகா ரெகுலேட் பண்ணினாலும் இது சரியில்லைன்னா பியானோவுக்குள்ள தள்ளினதும் எல்லா அளவும் மாறிடும். லெனேஷியா வந்து ஒரு குளிர்காலமாவது கடக்காம கடைசி ரெகுலேஷன் பண்ணாதீங்க, கரன்ட் போய்ப் போய் ஹியூமிடிஃபையர் நின்னு நின்னு ஓடுற வீடுன்னா இன்னும் பொறுமையா இருங்க.

நக்கிள் அளவு தப்புன்னு தெரிஞ்சா என்ன பண்றது? சரியான அளவுள்ள ஷாங்க் வாங்குறதுதான் முறை, காசு வலிக்கும்தான், ஆனா அது ஒருநாள் வலி. புளோவை 43க்கு குறைச்சு டிப்பை 10.5 ஆக்கி ஓட்டலாம், சுமாரா வாசிக்கும், சத்தத்துல கொஞ்சம் பலம் போகும், டிப் கூட்டும்போது கருப்பு கீயை அமுக்கினா அது வெள்ளை கீ மட்டத்துக்கு கீழ போயிடாம பாத்துக்கணும். கேப்ஸ்டனை (கீ மேல இருந்து விப்பனைத் தூக்குற திருகு) பின்னால நகர்த்தியும் கணக்கை சரி பண்ணலாம், ஆனா டச் இன்னும் கனமாகும், கீயில புது ஓட்டையும் போடணும், முதல் பியானோவுல அதுக்கு போகாதீங்க.

எந்த வழியில போனாலும் 88ஐயும் ஒரேடியா தொட வேண்டாம். ரெண்டு ஓரத்துலயும் நடுவுலயும் வெள்ளை ஒண்ணு கருப்பு ஒண்ணுன்னு எடுத்து, ஜாக்கோட பின் ஓரம் நக்கிள் கட்டையோட பின் ஓரத்துக்கு நேரா நிக்குதா, ஜாக் நுனி விப்பன் மேல இருக்கிற ரிப்பிட்டிஷன் லீவருக்கு ஒரு மயிரிழை கீழ இருக்கான்னு பாத்து, புளோ, லெட்-ஆஃப், டிராப், பேக்செக் (ஹாமர் கம்பிக்கு 15 மில்லி கீழ நிக்கணும்) வரைக்கும் முழுசா முடிங்க. ஸ்பிரிங் கடைசி. கீயை பலமா அடிச்சு ஹாமர் செக்ல நின்னதும் விரலை லேசா தளர்த்துங்க, ஹாமர் துள்ளாம, ஆனா தயங்காம எழணும். துள்ளினா ஸ்பிரிங் பலம் ஜாஸ்தி, மெதுவா வாசிக்கும்போது ரெட்டையா அடிக்கும். இந்த சாம்பிள் நோட்டுல ஆஃப்டர்டச் சுமார் 1 மில்லி கிடைச்சா மட்டும் மத்ததுக்கு போங்க.

பழைய ஷாங்க், புது ஷாங்க் ரெண்டோட நக்கிள் அளவும், நடு சி நோட்டோட இறங்கு எடை, எழு எடையும் கீழ கமென்ட்ல போடுங்க. அந்த நாலு நம்பர் பாத்தா ஷாங்க் மாத்தணுமா வேணாமான்னு சொல்லிடலாம்.