முதல் உலகப் போரில் இறந்த ஒரு பிரிட்டிஷ் சிப்பாயின் வாழ்க்கையை எப்படித் தேடுவது?

நான் இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் குடியிருந்தபோது, பக்கத்துத் தேவாலயச் சுவரில் முதல் உலகப் போரில் இறந்த உள்ளூர்க்காரர்களின் பெயர்ப் பலகை இருந்தது. அதில் ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு எட்டு மாதம் தேடினேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இறந்த தேதி பத்து நிமிடத்தில் கிடைத்துவிடும். அதற்கு முன்னால் அவர் வாழ்ந்த இருபது வருடம்தான் லேசில் கிடைக்காது.

முதலில் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்துக்குப் போங்கள். ரெஜிமெண்ட் (அவர் இருந்த படைப்பிரிவு), படை எண், இறந்த தேதி, கல்லறை எங்கே என்பதெல்லாம் இலவசமாகப் பார்க்கலாம். நான் தேடியவருக்குக் கல்லறை இல்லை. பிரான்சில் தியெப்வால் நினைவுச்சின்னத்தில், கல்லறை தெரியாத 72,000-க்கும் மேற்பட்டவர்களோடு அவர் பெயரும் இருக்கிறது. படை எண்ணை மட்டும் நம்பித் தேடாதீர்கள். அந்தப் போரின்போது ரெஜிமெண்டுகள் தனித்தனியாக எண் கொடுத்தன. ஒரே எண் பல பேருக்கு இருக்கும்.

அடுத்து எல்லோரும் தேடுவது பணிக் கோப்பு, அதாவது அந்தச் சிப்பாயைப் பற்றி ராணுவம் வைத்திருந்த கோப்பு. இங்கேதான் மனம் உடையும். 1940 செப்டம்பரில் லண்டன்மேல் விழுந்த ஜெர்மானியக் குண்டில் கோப்புக் கிடங்கு எரிந்து, சாதாரணச் சிப்பாய்களின் கோப்புகளில் பாதிக்கு மேல் போயிற்று. தப்பியவை ஓரம் கருகி, தண்ணீரில் ஊறிய நிலையில், லண்டனின் கியூ (Kew) பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. என் ஆளுடைய கோப்பு அதில் இல்லை.

சரி, அவர் இருந்த பட்டாலியன் (ரெஜிமெண்டின் ஒரு பிரிவு) அன்றன்று எழுதிவந்த போர் நாட்குறிப்பாவது இருக்குமே என்று அதைத் திறந்தேன். அவர் இறந்த நாளில், செத்துப்போன அதிகாரிகளுக்குப் பெயர் இருந்தது. மற்றவர்களுக்கு எண்ணிக்கை மட்டும். அந்த எண்ணிக்கையில் ஒன்றுதான் அவர். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனாலும் நாட்குறிப்பை விட்டுவிடாதீர்கள். அதில் வரும் இடக் குறியீடுகளை ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இணையத்தில் வைத்திருக்கும் பதுங்குகுழி வரைபடங்களோடு ஒப்பிட்டால், இன்று அது எந்த வயல் என்றே கண்டுபிடித்துவிடலாம்.

எனக்கு வழி காட்டியது ஒரு பணக் கணக்கு. இறந்த சிப்பாயின் சம்பளப் பாக்கியை யாரிடம் கொடுத்தார்கள் என்று ராணுவம் பதிவேடு வைத்திருந்தது. அசல் லண்டனில் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கட்டணம் வாங்கும் இணையதளத்தில் பிரதியைப் பார்க்கலாம். அதில் அவருடைய அம்மாவின் பெயர் இருந்தது. 1919-இல் கொடுத்த போர்க் கொடைத் தொகையும், அதாவது போரில் பணியாற்றியதற்கான தனித் தொகையும், இருந்தது. சேவைக்காலத்தை வைத்துத்தான் அந்தத் தொகையை முடிவு செய்தார்கள். அதனால் பின்னோக்கிக் கணக்குப் போட்டு, அவர் ஏறத்தாழ எந்த மாதம் படையில் சேர்ந்தார் என்று சொல்ல முடிந்தது. எரிந்த கோப்பு சொல்லியிருக்க வேண்டியது அது.

அம்மா பெயர் கிடைத்ததும் 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டைப் பிடித்துவிட்டேன். அந்த வருடப் படிவங்கள் வீட்டுக்காரர்களே கையால் நிரப்பியவை. அவருடைய அப்பா பெரிய எழுத்தில், அழுத்தி எழுதியிருக்கிறார்: மகன், வயது 15, ரொட்டிக்கடையில் எடுபிடி. அதற்குக் கீழே நான்கு தங்கைகள்.

அப்புறம் உள்ளூர்ப் பழைய செய்தித்தாள்களைப் புரட்டுங்கள். இறந்தவர்களின் படமும், அவர்கள் வீட்டுக்கு எழுதிய கடிதமும் அந்த நாளில் அடிக்கடி வரும். எனக்குப் படம் கிடைக்கவில்லை. மூன்று வரிக் குறிப்பு ஒன்று கிடைத்தது. தேவாலயப் பாடகர் குழுவில் பாடியவர் என்று அதில் இருந்தது. பெயர்ப் பலகை இருக்கிற சுவரிலிருந்து பத்தடி தள்ளித்தான் பாடகர்கள் நிற்கும் இடம்.