மாடி ஒழுகுகிறது, யாரிடம் வேலை கொடுப்பது?

கேள்வி: கோபிசெட்டிபாளையத்தில் எங்கள் வீடு கட்டி இருபது வருடம் ஆகிறது. இந்த ஐப்பசி மழைக்கு ஹாலின் மூலையில் ஒழுகுகிறது. மூன்று பேரிடம் காட்டினோம். ஒருவர் கெமிக்கல் அடித்துப் பத்து வருட வாரண்டி தருகிறேன் என்கிறார். இன்னொருவர் கூலிங் டைல்ஸ் ஒட்டச் சொல்கிறார். இருவரும் பாதிப் பணம் முன்பணமாகக் கேட்கிறார்கள். மூன்றாமவர் ரேட்டே சொல்லாமல், "மழை விடட்டுங்க, பார்க்கலாம்" என்று போய்விட்டார். யாரை நம்புவது?

பதில்: மூன்றாமவரைத் திரும்பக் கூப்பிடுங்கள். மற்ற இருவரும் தண்ணீர் எங்கே இறங்குகிறது என்று பார்க்காமலே வைத்தியம் சொல்லிவிட்டார்கள்.

அவரிடமும் முதலில் கேட்க வேண்டியது ரேட் அல்ல, "எதனால ஒழுகுதுங்க?" என்பதுதான். வேலை தெரிந்தவர் மாடியில் தண்ணீர் ஊற்றி வாட்டம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பார். தண்ணீர் இறங்கும் குழாயின் வாயைச் சுற்றித் தட்டிப் பார்ப்பார். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் இடத்தில் விரிசல் தேடுவார். கோடையிலும் அந்த மூலை ஈரமாக இருந்ததா என்று கேட்பார். இருந்ததென்றால் மாடித் தொட்டியோ குழாயோ கசிகிறது, அது பிளம்பர் வேலை. மேலே எத்தனை கோட் அடித்தாலும் நிற்காது.

சீலிங் பூச்சு உதிர்ந்து, துருப்பிடித்த கம்பி தெரிகிறதா? அப்படியானால் காண்ட்ராக்டருக்கு முன்னால் ஒரு சிவில் இன்ஜினியர் வந்து பார்க்கட்டும். அதுவரை மாடியில் தண்ணீர் தேக்கிப் பார்ப்பதும் வேண்டாம், டைல்ஸ் ஏற்றுவதும் வேண்டாம். ஆயிரம் சதுர அடியில் ஒரு அங்குலம் தண்ணீர் நின்றாலே ஏறத்தாழ 2,360 லிட்டர், அதாவது இரண்டே கால் டன்னுக்கு மேல் பாரம்.

ஈரத் தளத்தில் அடித்த கோட் பெரும்பாலும் சரியாகப் பிடிக்காமல் கொப்புளம் விட்டு உரியும். ஆகவே "நாளைக்கே அடிச்சுத் தர்றேன்" என்று ஐப்பசியில் சொல்பவரை நான் வேலைக்கு வைக்க மாட்டேன். இப்போதைக்குத் தார்ப்பாய் போட்டுச் சமாளியுங்கள். தை, மாசியில் தளம் நன்றாகக் காய்ந்தபின் வேலை ஆகட்டும்.

வாரண்டி அட்டையில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். சரக்குக் கம்பெனி தருவது பெரும்பாலும் சரக்குக்கு மட்டும்தான். விரிசலைக் கீறி அடைக்காமல் மேலாகப் பூசிவிட்டுப் போனால் அது பொறுப்பேற்காது. அந்த அட்டையைவிட, காண்ட்ராக்டர் கையெழுத்துப் போட்ட ஒரு வெள்ளைத்தாள் மேல். என்ன சரக்கு, எத்தனை கோட், விரிசலை எப்படி அடைப்பது, மாடியில் பதித்த பழைய தட்டோட்டை உடைத்தால் குப்பையை யார் அள்ளுவது, மறுபடி ஒழுகினால் எத்தனை வருடம் வரை இலவசமாக வந்து பார்ப்பார் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். மாமன் மச்சான் சொல்லி வந்த ஆளிடம் எழுதிக் கேட்கக் கூச்சமாக இருக்கும். அப்புறம் சண்டை வந்தால் உறவும் சேர்ந்து கெடும், அதனால் அங்கேதான் கட்டாயம் எழுத வேண்டும்.

அவர் முன்பு செய்த வேலையையும் பாருங்கள். போன மாதம் முடித்த மாடி எதையும் சொல்லாது, இரண்டு மழைக்காலம் கண்ட மாடியைக் காட்டச் சொல்லுங்கள்.

பாதிப் பணம் முன்பணம் என்பது அதிகம். சரக்குக்கான தொகையை நீங்களே கடையில் கட்டிப் பில் வாங்குங்கள். கூலியை வேலை நடக்க நடக்கக் கொடுங்கள், கடைசிப் பங்கு தண்ணீர் தேக்கிப் பார்த்த பிறகு. ஏமாற்றிவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம், கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. பில்லும் பணம் அனுப்பிய பதிவும் வாட்ஸ்அப் பேச்சும் அங்கே உதவும்.

கேள்வி: பொள்ளாச்சிப் பக்கம் பழைய ஓட்டு வீடு. ஓடு மாற்ற ஆள் பார்க்கிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: தென்மேற்குப் பருவமழைக்கு முன், சித்திரையிலேயே முடித்துவிடுங்கள். கீழேயிருந்து ஓடுகளை மட்டும் எண்ணி ரேட் சொல்பவர் வேண்டாம். மேலே ஏறி, ஓடு உட்காரும் மரப்பட்டையான ரீப்பரிலும் சட்டத்திலும் கரையான் இருக்கிறதா என்று குத்திப் பார்ப்பவர் வேண்டும். மங்களூர் ஓடு கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும், ஒன்றோடொன்று கவ்வாது. பழைய ஓடு ஒன்றைக் கையோடு எடுத்துப் போய்ப் பொருத்திப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். கழற்றும் நல்ல ஓடும் மரமும் யாருக்கு என்பதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். பழைய தேக்குக்கு நல்ல விலை உண்டு.