கொடியின் வலது யாருக்கு வலது?

கேள்வி: பள்ளி மேடையில் தேசியக்கொடியை நெடுக்காகத் தொங்கவிட்டோம். காவி வலப்புறம் இருக்க வேண்டும் என்று படித்து, அப்படியே வைத்தோம். தவறு என்கிறார்களே?

பதில்: விதி சரி; யாருடைய வலது என்பதில்தான் சறுக்கிவிட்டீர்கள். கொடியின் வலது, பார்ப்பவருக்கு இடது. இந்தியக் கொடி நெறிமுறை 2002 இதையும் கூடவே சொல்கிறது. அதைத்தான் பலரும் தாண்டிப் போகிறார்கள். எதிரே நின்று பார்த்தால் காவி உங்கள் இடக்கைப் பக்கம் வர வேண்டும்.

கேடயத்தில் வரையும் ஐரோப்பியக் குலச்சின்னங்களிலும் இதே கணக்குதான். கேடயத்தை ஏந்தி நிற்பவரின் வலக்கைப் பக்கம் ‘டெக்ஸ்டர்’, இடக்கைப் பக்கம் ‘சினிஸ்டர்’. இரண்டும் லத்தீன் சொற்கள். படத்தில் டெக்ஸ்டர் நம் இடப்பக்கம் தெரியும். கேடயத்துச் சிங்கம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சின்னத்தின் வர்ணனையில் தனியாகச் சொல்லாவிட்டால் டெக்ஸ்டர் பக்கம் என்றே பொருள். வர்ணனையைப் படித்து வரைபவர்கள் சிங்கத்தைத் திருப்பிப் போட்டுவிடுவது இங்கேதான்.

கொடியில் இந்த வலது இடது வம்பே வேண்டாம் என்றால் கம்பத்தை வைத்துப் பேசலாம். கம்பத்தை ஒட்டிய பாதி ‘ஹாய்ஸ்ட்’, காற்றில் படபடக்கும் பாதி ‘ஃப்ளை’, கம்பத்தோரம் உள்ள மேல்மூலை ‘கேன்டன்’. அமெரிக்கக் கொடியில் 50 நட்சத்திரங்கள் இருப்பது கேன்டனில்.

கேள்வி: அரைக்கம்பத்தில் பறக்கவிட, நேராகப் பாதி உயரத்தில் நிறுத்தலாமா?

பதில்: கூடாது. உச்சிவரை ஏற்றி, ஒரு கணம் நிறுத்தி, பிறகே பாதிக்கு இறக்க வேண்டும். அன்றைக்குக் கழற்றும்போதும் மறுபடி உச்சிக்கு ஏற்றித்தான் இறக்க வேண்டும். அரசு அறிவிக்காமல் நாமாக அரைக்கம்பத்தில் பறக்கவிடவும் முடியாது.