நாற்பதுக்கு மேல் டிரையத்லான்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

நீந்தி, கரையேறியதும் சைக்கிள் மிதித்து, இறங்கியதும் ஓடி முடிப்பதுதான் டிரையத்லான். எனக்கு 53 வயது. சென்னையில் கணக்குத் தணிக்கை வேலை. 43 வயதில்தான் நீச்சல் கற்றேன். சின்ன தூரங்களில் தொடங்கி, கோவாவில் நடக்கும் அரை அயர்ன்மேன் என்ற நீண்ட தூரப் போட்டியை இரண்டு முறை முடித்திருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. பத்து வருடப் பயிற்சியில் கற்றதையும், படித்துச் சரிபார்த்துக்கொண்டதையும் மட்டுமே சொல்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (திருச்சி, 41): அக்கா, ஸ்பிரிண்ட், ஒலிம்பிக், 70.3 என்று ஏதேதோ சொல்கிறார்கள். எதில் தொடங்குவது?

ஸ்பிரிண்டில் தொடங்குங்கள் தம்பி. 750 மீட்டர் நீச்சல், 20 கி.மீ. சைக்கிள், 5 கி.மீ. ஓட்டம். இதைப் போல இரண்டு மடங்கு ஒலிம்பிக் தூரம்: 1.5, 40, 10 கி.மீ. 2000 சிட்னி ஒலிம்பிக்கில் டிரையத்லான் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டபோது ஓடியது இந்தத் தூரம்தான். 70.3 என்பது அரை அயர்ன்மேன்: 1.9, 90, 21.1. மூன்றையும் மைலில் கூட்டினால் 70.3 வரும், பெயர் அதிலிருந்து வந்தது. முழு அயர்ன்மேன் 3.8, 180, கடைசியில் ஒரு முழு மாரத்தான். 1978ல் ஹவாயின் ஓவாஹு தீவில் முதல்முறை நடந்தபோது 15 பேர் தொடங்கி 12 பேர் முடித்தார்கள்.

நேராக 70.3க்குப் பணம் கட்டிவிட்டு, "இன்னும் நாலு மாசம் இருக்கு, என்ன பண்ணலாம்?" என்று கேட்கிறவர்கள் நிறைய. ஏற்கெனவே நீந்தவும் ஓடவும் தெரிந்தவர் என்றால் சரி. இல்லையென்றால் ஒரு வருடமாவது சின்ன தூரங்களில் இருங்கள். மூச்சு சீக்கிரம் தேறிவிடும். தசைநாரும் எலும்பும் பழக மாதக்கணக்கில் ஆகும்.

கேள்வி (தஞ்சாவூர் பக்கம், 47): சின்ன வயதில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு கிணற்றில் நீச்சல் பழகியவன். இப்போதும் மிதப்பேன். அது போதுமா?

ஆழத்தைப் பார்த்துப் பயப்படாத மனசு உங்களுக்கு இருக்கிறது. நகரத்து நீச்சல்குளத்தில் கற்றவர்கள் பலருக்கு வருடக்கணக்கில் வராத சொத்து அது. ஆனால் கிணற்று நீச்சலில் தலை மேலேயே இருக்கும். தலை உயர்ந்தால் இடுப்பும் காலும் கீழே போகும், தண்ணீரைக் கிழிக்காமல் தள்ளிக்கொண்டு போவீர்கள். 200 மீட்டரில் தோள் விட்டுப்போகும்.

முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, உள்ளேயே மூச்சை முழுக்க விட்டு, பக்கவாட்டில் திரும்பி இழுக்கப் பழகுங்கள். பெரும்பாலானவர்களுக்கு மூச்சுத் திணறுவது காற்று பத்தாததால் அல்ல, உள்ளே இருப்பதை வெளியே விடாததால். இது ஒன்று வந்துவிட்டால் மற்றதெல்லாம் பின்னாலேயே வரும். ஃப்ரீஸ்டைல்தான் அடிக்க வேண்டும் என்று விதி கிடையாது. களைத்தால் பிரெஸ்ட் ஸ்ட்ரோக் அடிக்கலாம், மல்லாந்து மிதக்கலாம். பாதுகாப்புப் படகைப் பிடித்து நின்று மூச்சு வாங்கலாம், படகு உங்களை முன்னே இழுத்துப் போகாத வரைக்கும் அது விதிக்கு உட்பட்டதுதான்.

கேள்வி (சேலம், 52): எனக்குத் தண்ணீரென்றால் பயம். இந்த வயதில் நீச்சல் வருமா மேடம்?

வரும். அமெரிக்காவைச் சேர்ந்த நாட்டலி கிராபோ என்ற பெண்மணி 59 வயதில் நீச்சல் கற்றார். 2025 அக்டோபரில், 80 வயதில், ஹவாயில் நடந்த அயர்ன்மேன் உலகப் போட்டியை 17 மணி நேர வரம்புக்குள் முடித்தார். உங்களுக்கு இன்னும் ஏழு வருடம் கூடுதலாகவே இருக்கிறது. முதல் மாதம் நீந்தவே வேண்டாம். இடுப்பளவு தண்ணீரில் நின்று முகத்தை முக்கிக் குமிழி விடுங்கள். நான் மூன்று வாரம் அதை மட்டும்தான் செய்தேன்.

கேள்வி (சென்னை, 49): மூன்று வருடமாக பி.பி. மாத்திரை. அப்பா 54 வயதில் மாரடைப்பில் போனார். 10 கி.மீ. ஓடுகிறேன், ஒன்றும் செய்வதில்லை. டிரையத்லான் செய்யலாமா அக்கா?

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு நன்றி தம்பி. வந்ததிலேயே முக்கியமானது இதுதான், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை நடந்த டிரையத்லான்களில் நேர்ந்த மரணங்களையும் இதயம் நின்றுபோன சம்பவங்களையும் தொகுத்து 2017ல் ஓர் ஆய்வு வந்தது. மொத்தம் 135 பேர். அதில் 90 பேருக்கு அது நேர்ந்தது நீச்சலின்போது. சராசரி வயது 47க்குச் சற்றுக் குறைவு. 85 சதவீதம் ஆண்கள். பிரேதப் பரிசோதனை செய்யப்பட்டவர்களில் கணிசமானவர்களுக்கு, உயிரோடு இருந்தபோது தெரியாத இதயக் கோளாறு இருந்தது. பங்கேற்பவர்கள் லட்சம் பேருக்கு இரண்டு பேருக்கும் குறைவு என்பதால் பயந்து ஓட வேண்டியதில்லை. ஆனால் 49 வயது, பி.பி., அப்பாவின் வரலாறு என்று உங்களிடம் மூன்று விஷயங்கள் சேர்ந்திருக்கின்றன. "ஒன்றும் செய்வதில்லை" என்பதை நம்பித் தண்ணீரில் இறங்காதீர்கள்.

இதய மருத்துவரிடம் போங்கள். "வாக்கிங் போகலாமா" என்கிற மாதிரி கேட்காதீர்கள். கடலில் அரை மணி நேரம் நீந்தி, அதன் பிறகு இரண்டு மூன்று மணி நேரம் உழைக்கப்போகிறேன் என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஈ.சி.ஜி., எக்கோ, ட்ரெட்மில் டெஸ்ட், கொழுப்பு அளவு பார்ப்பார்கள். ட்ரெட்மில் டெஸ்ட் நன்றாக வந்தாலும் அடைப்பே இல்லை என்று முடிவாகாது. குடும்ப வரலாற்றைச் சொல்லி, இதய ரத்தக்குழாயில் படிந்த கால்சியத்தை அளக்கும் கால்சியம் ஸ்கோர் சி.டி. ஸ்கேன் உங்களுக்குத் தேவையா என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் காரணத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் மாத்திரையின் பெயரையும் பாருங்கள். அட்டெனலால், மெட்டோப்ரோலால் என்று "லால்" என்று முடிந்தால் அது இதயத் துடிப்பு ஏறுவதைத் தடுக்கும். கைக்கடிகாரம் காட்டும் துடிப்பை வைத்துப் பயிற்சி செய்தால் கணக்கு தப்பும். பேசிக்கொண்டே ஓட முடிகிறதா என்பதை அளவாக வையுங்கள். சிறுநீரை அதிகமாக்கும் மாத்திரை என்றால் நம் வெயிலில் உடம்பு சீக்கிரம் வற்றும். இரண்டையும் மருத்துவரிடம் பேசாமல் நீங்களாக நிறுத்தக் கூடாது.

இன்னொன்று. பி.பி. உள்ளவர்களுக்கு நீந்தும்போது நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் அபாயம் கூடுதல். தண்ணீரில் திடீரென்று இருமல், ரத்தம் கலந்த நுரைச் சளி, வழக்கமில்லாத மூச்சிரைப்பு வந்தால் அது வெறும் பதற்றம் இல்லை. கையை உயர்த்திப் படகைக் கூப்பிடுங்கள், அன்றைக்குப் போட்டி முடிந்தது.

கேள்வி (சென்னை, 45): கடலில் எங்கே பழகுவது?

குளத்தில் நிற்காமல் 1,500 மீட்டர் நீந்த வந்த பிறகு கேளுங்கள். வேளச்சேரி நீச்சல் வளாகத்தில் 50 மீட்டர் குளம் இருக்கிறது, அங்கே பழகலாம். கடலுக்கு, கோவளம் பக்கம் கடலறிந்த மீனவர் ஒருவர் படகோடு கூட வர, காலை ஆறு மணிக்கு, குழுவாக. மெரினாவில் வேண்டாம், அங்கே அலைக்கு அடியில் இழுக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும் வேண்டாம். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை காலைக் கடல் ஓரளவு அமைதி. இடுப்பில் ஆரஞ்சு நிற மிதவை கட்டாயம். நீரோட்டம் உள்ளே இழுத்தால் கரையை நோக்கி மல்லுக்கட்டாமல், கரைக்கு இணையாக நீந்தி வெளியே வாருங்கள். ஆறேழு வீச்சுக்கு ஒரு தடவை தலைதூக்கிக் கரையில் ஓர் அடையாளத்தைப் பார்க்கப் பழகுங்கள், இல்லையென்றால் 1.9 கி.மீ. எளிதாக 2.3 ஆகிவிடும். சொறிமீன் (ஜெல்லி மீன்) பட்டால் எரியும். தேய்க்காமல் கடல்நீரிலேயே கழுவுங்கள்.

கேள்வி (கோவை, 44): சைக்கிளுக்கு எவ்வளவு செலவழிக்கலாம்?

ஸ்பிரிண்டுக்கு வீட்டில் இருக்கும் சாதாரண ஹைப்ரிட் சைக்கிளே போதும். பிடித்துப்போனால் ஒரு ரோடு பைக் (மெல்லிய டயர் வைத்த வேக சைக்கிள்), பழையதே வாங்கலாம். விலையைவிட அளவு முக்கியம். சீட் உயரமும் கைப்பிடி தூரமும் உங்கள் உடம்புக்கு ஒத்து வராவிட்டால் மூன்று லட்சம் சைக்கிளும் முட்டியையும் கழுத்தையும் கெடுக்கும். மிச்சமாகும் பணத்தில் அளவு சரிசெய்து தருபவரிடம் போங்கள். பஞ்சர் ஒட்ட, டியூப் மாற்ற நீங்களே கற்றுக்கொள்ளுங்கள், போட்டியில் யாராவது வந்து செய்து தருவார்கள் என்று நம்பியிருக்க முடியாது.

கேள்வி (கோவை, அதே நண்பர்): காற்றுத் தடை குறையட்டும் என்று, போட்டியில் நண்பர் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு மிதிக்கலாமா?

அயர்ன்மேன் போட்டிகளில் கூடாது. முன்னால் போகிறவரின் முன்சக்கரத்துக்கும் உங்கள் முன்சக்கரத்துக்கும் 12 மீட்டர் இடைவெளி வேண்டும். அதற்குள் நுழைந்தால் 25 விநாடிக்குள் தாண்டிவிட வேண்டும். மாட்டினால் ஐந்து நிமிடம் நிறுத்திவைப்பார்கள்.

கேள்வி (சென்னை, 46): வாரம் ஆறு நாள் உயிரைக் கொடுத்துப் பயிற்சி செய்கிறேன். ஆறு மாதமாக வேகம் கூடவில்லை, எப்போதும் அசதி. வயசாகிவிட்டதா?

வயசு காரணம்தான், நீங்கள் நினைக்கிற விதத்தில் இல்லை. சும்மா இருப்பவர்களுக்கு, உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் முப்பதுக்கு மேல் பத்து வருடத்துக்குச் சுமார் 10 சதவீதம் குறைகிறது. தொடர்ந்து பயிற்சி செய்கிறவர்களுக்கு அதில் பாதிதான். ஆக இன்ஜின் நன்றாகவே இருக்கிறது. மாறியிருப்பது பழுது பார்க்க ஆகும் நேரம். இருபத்தைந்தில் ஒரு ராத்திரியில் ஆறியது நாற்பத்தாறில் இரண்டு மூன்று நாள் கேட்கும். நீங்கள் அந்த நாட்களைக் கொடுக்காமலேயே அடுத்த அடியைப் போடுகிறீர்கள்.

இதை நான் காலை உடைத்துக்கொண்டுதான் கற்றேன். 45 வயதில், மூன்று வாரம் தொடர்ந்து, சனிக்கிழமை நீண்ட சைக்கிள், ஞாயிறு நீண்ட ஓட்டம், திங்கள் வேக ஓட்டம். முழங்காலுக்குக் கீழே ஒரு புள்ளியில் வலி. தைலம் தேய்த்துக்கொண்டு ஓடினேன். எம்.ஆர்.ஐ. எடுத்தபோது எலும்பில் விரிசல். நான்கு மாதம் ஓட்டம் கிடையாது. விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே புள்ளியில் வலி இருந்தால் அன்றைக்கே ஓட்டத்தை நிறுத்துங்கள்.

இப்போது என் வாரத்தில் கடினமான பயிற்சி இரண்டுதான், இடையில் இரண்டு நாளாவது இருக்கும். மற்றதெல்லாம் பேசிக்கொண்டே செய்யக்கூடிய வேகம். மூன்று வாரம் கூட்டினால் நான்காவது வாரம் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிடுவேன். காலையில் எழுந்ததும் நாடி பார்ப்பேன். வழக்கத்தைவிட ஆறேழு துடிப்பு கூடியிருந்தால் அன்றைக்குக் கடினப் பயிற்சி கிடையாது. வாரம் இரண்டு நாள் அரை மணி நேரம் எடைப் பயிற்சி: குந்துதல், கெண்டைக்கால், இடுப்பு. நேரமில்லை என்று நம் வயதுக்காரர்கள் முதலில் விடுவது இதைத்தான். விடக்கூடாததும் இதுதான், தசை கரைவதை நிறுத்த இதைப் போல வேறு வழி கிடையாது.

நீங்கள் இரண்டு வாரம் பாதியாகக் குறைத்து, ஏழு மணி நேரம் தூங்கிப் பாருங்கள். அப்போதும் அசதி போகவில்லை என்றால் ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, வைட்டமின் டி பாருங்கள்.

கேள்வி (பெங்களூர், 42): வேலை, இரண்டு குழந்தைகள். எவ்வளவு நேரம் தேவை? வீட்டில் ஏற்கெனவே முணுமுணுப்பு.

ஒலிம்பிக் தூரம் வரை வாரம் ஆறேழு மணி நேரம். 70.3க்குக் கடைசி மூன்று மாதம் ஒன்பது பத்து. முணுமுணுப்பு நேரத்தைப் பற்றியது மட்டும் அல்ல. ஞாயிறு காலை மனைவி தனியாக எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, நீங்கள் பத்து மணிக்கு வந்து மூன்று மணி வரை தூங்கினால் யாருக்குத்தான் கோபம் வராது? நான்கு மணிக்குக் கிளம்பி எட்டரைக்குள் வீடு திரும்புங்கள், அன்றைய மிச்ச நேரம் வீட்டுக்கு. வருடத்துக்கு ஒரு பெரிய போட்டி, அதையும் மனைவியோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.

கேள்வி (மதுரை, 48): சைவம். என்ன சாப்பிடுவது? போட்டியில் சக்திக்காகச் சாப்பிடும் ஜெல் ஒத்துக்கொள்ளவில்லை.

நீண்ட சைக்கிளில் மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து குறி. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம். பேரீச்சம்பழம், உப்புச் சர்க்கரை போட்ட எலுமிச்சைச் சாறு, சின்ன இட்லி எல்லாம் வேலை செய்யும். போட்டிக்கு மூன்று மணி நேரம் முன்னால் எனக்கு நான்கு இட்லி, தேன், காபி. எதையும் போட்டியன்று முதல்முறையாகச் சாப்பிடாதீர்கள்.

பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் வியர்வை. அதை வெறும் தண்ணீராலேயே ஈடுகட்டினால் ரத்தத்தில் சோடியம் இறங்கி மயக்கம், வலிப்பு வரை போகலாம். மருந்துக்கடை ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நல்லது. புரதம் ஒரு கிலோ எடைக்கு 1.6 கிராம் வரை பாருங்கள். 60 கிலோ என்றால் ஏறக்குறைய 95. சோறு, சாம்பாரில் மட்டும் இது வராது. சுண்டல், பனீர், சோயா, தயிர் வேண்டும்.

சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்களுக்கு நீண்ட பயிற்சியில் சர்க்கரை தாழ்ந்துபோகலாம். அளவை முன்கூட்டியே மருத்துவரிடம் பேசுங்கள்.

கேள்வி (திருநெல்வேலி, 45): நீச்சலுடை போட்டுக்கொண்டு போக வீட்டிலும் எனக்குமே தயக்கம். மாதவிடாயும் ஒழுங்கில்லாமல் ஆகிவிட்டது.

முழங்கால் வரையும் கணுக்கால் வரையும் மூடிய நீச்சலுடைகள் கிடைக்கின்றன, நான் இன்றைக்கும் அதைத்தான் போடுகிறேன். பெண்களுக்கு மட்டுமான நேரம் எந்தக் குளத்தில் என்று விசாரியுங்கள், இல்லையென்றால் நாலு பேர் சேர்ந்து கேளுங்கள். நாங்கள் ஐந்து பேர் கேட்டுத்தான் எங்கள் பகுதியில் அந்த நேரம் வந்தது.

மாதவிடாய் நிற்கும் காலத்தில் எலும்பு வேகமாக அடர்த்தியை இழக்கும். நீச்சலும் சைக்கிளும் எலும்பைக் காக்காது. ஓட்டமும் எடைப் பயிற்சியும்தான் காக்கும். அதிக ரத்தப்போக்கு என்றால் ஃபெரிட்டின் அளவு பாருங்கள் தங்கச்சி. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்புச் சேமிப்பு குறைந்திருக்கலாம்.

கேள்வி (ஈரோடு, 49): டிசம்பர் கடைசியில் 50 ஆகிறது, போட்டி அக்டோபரில். எந்த வயதுப் பிரிவு?

50–54. அந்த ஆண்டு டிசம்பர் 31 அன்று உங்கள் வயது என்னவோ அதுதான் கணக்கு.

கேள்வி (திருச்சி, 50): நேரத்துக்குள் முடிக்க முடியாமல் போனால்?

நான் முதல்முறை கோவா போனபோது அதுதான் நடந்தது. நீச்சலுக்கு 70 நிமிடம், நான் கரையேறியது 74ல். கணுக்காலில் கட்டியிருந்த, நேரம் கணக்கிடும் சிப்பைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். மிராமர் கடற்கரையில் உட்கார்ந்து நன்றாக அழுதேன், பிறகு கூட வந்தவர்களுக்குக் கைதட்ட ஓட்டப் பாதைக்குப் போனேன். அடுத்த வாரம் என் நீச்சலை வீடியோ எடுத்துப் பார்த்ததில் இடது கை உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டி உள்ளே போய்க்கொண்டிருந்தது. அதைத் திருத்த ஐந்து மாதம் ஆனது. அடுத்த முறை 61 நிமிடம்.